பின்பால் போட்டி: குலுக்கல், கணக்கு, தீர்ப்பு

பின்பால் போட்டியில் தோற்றவர் முதலில் குறை சொல்வது இயந்திரத்தை. அடுத்தது, குழு பிரித்த விதத்தை. முதல் புகாரை யாராலும் முழுதாகத் தீர்க்க முடியாது. எஃகுப் பந்து தன் போக்கில்தான் ஓடும். இரண்டாவது புகாருக்கு நீங்கள் இடமே வைக்கக் கூடாது. போட்டி மென்பொருளைக் கையில் எடுப்பதே அதற்காகத்தான்.

நம்மில் பலருக்குப் பின்பால் என்றால் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் வந்த அந்த விண்வெளி ஆட்டம்தான். நிஜ ஆட்டம் அமெரிக்காவின் மதுக்கூடங்களிலும் ஆர்கேடுகளிலும் வளர்ந்தது. அங்கே அதன்மீது நெடுநாள் இருந்த சந்தேகமே ‘இது திறமையா, சூதாட்டமா’ என்பதுதான். நியூயார்க் நகரம் 1942இல் அதைத் தடை செய்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன் பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பிளஞ்சரை இழுத்துவிட்டு, சொன்னபடியே இறக்கிக் காட்டினார். தடை நீங்கியது. இன்று உலகத் தரவரிசையைப் பராமரிக்கும் ஐஎஃப்பிஏ என்ற சர்வதேச ஃபிளிப்பர் பின்பால் சங்கத்தின் தலைவர் அவருடைய மகன் ஜாஷ் ஷார்ப். திறமைதான் என்று நிரூபித்தாகிவிட்டது. அந்தத் திறமைக்கு உரிய இடம் கிடைக்கும்படி ஒரு சாயங்காலத்தை நடத்துவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

கணினியைத் திறக்கும் முன்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சிகாகோ பக்கம் ஒரு மதுக்கூடம், வியாழக்கிழமை இரவு. 9 இயந்திரங்கள், 18 பேர், கையில் 4 மணி நேரம். புதிதாக நடத்துபவர் ‘மேட்ச் பிளே’ போன்ற மென்பொருளைத் திறந்ததும் அதில் இருக்கிற போட்டி முறைகளின் பட்டியலைப் பார்த்து மயங்கிவிடுகிறார். நாக்-அவுட், இரட்டை நாக்-அவுட், மூன்று ஸ்ட்ரைக், குழு ஆட்டம், பின்கோல்ஃப், ஃபிளிப் ஃப்ரென்ஸி என்று வரிசை நீள்கிறது. பெயர் பிடித்திருக்கிறது என்று ஒன்றைத் தட்டிவிடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

நால்வர் ஆடும் ஓர் ஆட்டத்துக்குப் புதிய இயந்திரத்தில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. குழு ஆட்ட முறையில் 6 சுற்று என்றால் 3 மணி நேரம். முன்னணி நால்வருக்கு 3 ஆட்டத்தில் இறுதிச் சுற்று வைத்தால், மற்றக் குழுக்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் ஆட்டத்துக்கு 20 நிமிடம் கணக்கில் இன்னொரு மணி நேரம். சரியாகப் பொருந்துகிறது. தோற்கும்போது ஸ்ட்ரைக் வாங்கி, மூன்று சேர்ந்ததும் வெளியேற வேண்டிய மூன்று ஸ்ட்ரைக் முறையில் எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு முதலில் வெளியேறுபவர் ஒன்பது மணிக்கே கையில் கோப்பையோடு சும்மா நிற்பார். வாராந்தரப் போட்டிக்குக் குழு ஆட்டம்தான் என்பது என் கட்சி. எல்லோரும் கொடுத்த கட்டணத்துக்கு 6 ஆட்டமாவது ஆடுவார்கள்.

மூவர் குழுவின் சிக்கல்

18 பேரை நால்வராகப் பிரித்தால் மிச்சம் விழும். மூன்று நால்வர் குழு, இரண்டு மூவர் குழு என்றுதான் பிரிக்க முடியும். நியாயத்தின் முதல் கசிவு இங்கேதான்.

நால்வர் குழுவில் 4-2-1-0 என்று புள்ளி கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 7 புள்ளி, தலைக்குச் சராசரி 1.75. மூவர் குழுவுக்கு 4-2-0 என்று வைத்தால் மொத்தம் 6, சராசரி 2. ஆறு சுற்றில் மூன்று முறை மூவர் குழுவில் விழுந்தவருக்கு, ஒன்றுமே செய்யாமல் முக்கால் புள்ளி கூடுதல் வாய்ப்பு. கேட்டால் அற்பம். நாலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவே ஒரு புள்ளி நிற்கும் இரவில் அது அற்பமில்லை.

7-5-3-1 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16, சராசரி 4. மூவர் குழுவுக்கு 7-4-1. மொத்தம் 12, சராசரி அதே 4. ஸ்ட்ரைக் முறையிலும் இதே யோசனை உண்டு: நால்வரில் 0-1-1-2, மூவரில் 0-1-2 என்று கொடுத்தால் இரண்டிலும் தலைக்கு ஒரு ஸ்ட்ரைக். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இதெல்லாம் ஒரு சொடுக்குதான். ஆனால் எதைச் சொடுக்குவது என்று அதுவாகச் சொல்லாது.

சராசரி சமமானால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மூவர் குழுவில் 7 கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாக ஏறுகிறது. 1 கிடைக்கும் வாய்ப்பும் அதே அளவு ஏறுகிறது. அதாவது ஏற்ற இறக்கம் அதிகம். ஆகவே ஒரே ஆள் திரும்பத் திரும்ப மூவர் குழுவில் விழாதபடி பார்த்துக்கொள்ளும் சமநிலைப் பிரிப்பு உங்கள் மென்பொருளில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

யார் யாரோடு

ஸ்விஸ் முறை தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் 11 சுற்றும் அந்த முறையில்தான் நடந்தன. ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை ஒன்றாக மோதவிடுவது அதன் சாரம். செஸ்ஸில் அது அருமையாக வேலை செய்கிறது. ஒரு சுற்றில் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார், அல்லது டிரா. பின்பாலில் ஒரு நல்ல ஆட்டக்காரரின் மூன்று பந்துகளும் இரண்டு நிமிடத்தில் ஓரக் கால்வாயில் போய்விடலாம். முதல் சுற்றில் அப்படிக் கீழே போனவருக்கு அடுத்த இரண்டு சுற்றும் இலகுவான குழு கிடைக்கும். முதல் சுற்றில் ஜெயித்தவர் வலியவர்களோடு மல்லுக்கட்டுவார். கடைசியில் கீழிருந்து வந்தவர் முந்திவிடுவார். செஸ்காரர்கள் ‘ஸ்விஸ் கேம்பிட்’ என்று சொல்லும் அதே கதை. ஆறே சுற்று உள்ள போட்டியில் இதன் விளைவு தெரியும். அதனால் சின்னப் போட்டிக்கு, ஒருவர் முடிந்தவரை வேறு வேறு ஆட்களோடு மோதும்படியான சமநிலைப் பிரிப்பை வைத்துக்கொள்ளச் சொல்வேன். சுற்றுகள் பத்தைத் தொட்டால் ஸ்விஸ்ஸுக்கு அர்த்தம் வருகிறது.

பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ‘பின்பர்க்’ போட்டியை இதற்கு ஒரு முன்மாதிரியாகப் பார்க்கலாம். 2019இல் அங்கே 1000 பேர் ஆடினார்கள். தகுதிச் சுற்று மட்டும் இரண்டு நாள்: 10 சுற்று, சுற்றுக்கு 4 ஆட்டம், ஆட்டத்துக்கு 3-2-1-0. நாற்பது ஆட்டம் ஆடும்போது ஒரு கெட்ட பந்து மூழ்கிப் போய்விடும். உங்கள் ஆறு ஆட்டத்தில் அது மிதக்கும். அதை மனதில் வைத்தே மற்றதைத் தீர்மானியுங்கள்.

குழுவை மட்டுமல்ல, எந்த இயந்திரம் என்பதையும் மென்பொருளே குலுக்கட்டும். ஒருவர் ‘காட்ஸில்லா’ இயந்திரத்தை மூன்று முறை ஆட, இன்னொருவர் அதைத் தொடவே இல்லை என்ற நிலை வரக் கூடாது, இயந்திரங்களுக்கும் சமநிலைப் பங்கீடு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். நம் உதாரணத்தில் ஒரே நேரத்தில் 5 குழுக்கள்தான் ஆடும். மீதி 4 இயந்திரங்கள் சும்மா நிற்பது வீண் இல்லை. ஒன்று பழுதானால் மாற்று வேண்டும்.

ஆடும் வரிசையும் குலுக்கலின் பகுதிதான். கடைசியாக ஆடுபவருக்கு எத்தனை புள்ளி தேவை என்று தெரியும். அது ஒரு சாதகம். எனவே மென்பொருள் காட்டும் வரிசைப்படியே இயந்திரத்திலும் பிளேயர் 1, 2, 3, 4 என்று ஆட வேண்டும். இதை அறிவிப்பில் சத்தமாகச் சொல்லுங்கள். ஏனென்றால் நடைமுறையில் நாலு பேரும் பேசிக்கொண்டே இயந்திரத்தடிக்குப் போவார்கள், முதலில் போனவர் ஸ்டார்ட் பொத்தானை நாலு தரம் அழுத்திவிட்டுத் தானே முதல் பந்தை அடித்துவிடுவார். திரையின் இடது மேல்மூலையில் இருக்கும் எண் யாருடையது என்ற குழப்பம் ஆட்டம் முடியும்வரை தொடரும்.

இயந்திரத்தைத் தயார் செய்வது

மென்பொருளில் ஓர் இயந்திரத்தின் பெயரைச் சேர்க்க ஐந்து நொடி போதும். அதைப் போட்டிக்குத் தகுதியாக்க அரை மணி நேரமாவது வேண்டும். ஆடுதளத்தின் சரிவு சுமார் 6.5 டிகிரி, குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் திருகுகளைச் சரிசெய்யுங்கள். அறுந்த ரப்பரை மாற்றுங்கள். எக்ஸ்ட்ரா பாலை அமைப்பிலேயே நிறுத்திவிடுங்கள். நிறுத்த முடியாத பழைய இயந்திரமாக இருந்தால், கிடைத்த கூடுதல் பந்தை என்ன செய்வது என்று முன்பே அறிவியுங்கள். புதிய இயந்திரங்களில் போட்டிக்கென்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால், ஒருவருக்குப் பெரிய பரிசும் இன்னொருவருக்குச் சில்லறையும் கொடுக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கத் தொடங்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

டில்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள்ளே முன்கதவுக்குப் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒன்று கம்பியில் தொங்கும். அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். இயந்திரத்தை உலுக்கும்போது குண்டு வளையத்தைத் தொட்டால் எச்சரிக்கை; எச்சரிக்கைகள் தீர்ந்தால் ஃபிளிப்பர்கள் செத்துப்போகும், பந்து போய்விடும். குண்டை மேலே ஏற்றினால் டில்ட் எளிதில் விழும், இறக்கினால் தாராளம். ஒன்பது இயந்திரத்திலும் ஏறக்குறைய ஒரே கண்டிப்பு இருக்கட்டும். இன்னொன்று: ஒருவர் பலமாக உலுக்கி டில்ட் ஆன பிறகும் குண்டு சில நொடி ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆட்டக்காரரின் பந்து அதற்குள் வந்துவிட்டால், அவர் கையே வைக்காமல் அவருக்கு டில்ட் விழலாம். விதிகள் இதை அவர் தவறாகக் கருதுவதில்லை; இழந்ததற்கு ஈடாக ஒரு பந்து, அதாவது ஈட்டுப் பந்து, தருகின்றன.

சுற்று ஓடும்போது

முதல் குலுக்கல் திரையில் வந்ததும் நடத்துபவருக்கு வரும் பெரிய சோதனை, ‘மறுபடி குலுக்கு’ என்ற பொத்தான். கணவன் மனைவி ஒரே குழுவில் விழுந்திருப்பார்கள். போன வாரம் சண்டை போட்ட இருவர் சேர்ந்திருப்பார்கள். ‘சும்மா ஒரு தரம் மாத்திப் போடுங்க சார்’ என்ற தொனியில் யாராவது கேட்பார். மாற்றாதீர்கள். இல்லாத ஆள் பட்டியலில் இருந்தாலோ, வந்திருக்கும் ஆள் விடுபட்டிருந்தாலோ மட்டும், அதுவும் எந்த இயந்திரத்திலும் முதல் பந்து போகாத நிலையில், மறுபடி குலுக்கலாம். பிடிக்காத குலுக்கலை ஒருமுறை மாற்றினால் அன்றிலிருந்து ஒவ்வொரு குலுக்கலும் உங்கள் விருப்பம் என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

தாமதமாக வருபவருக்கு விட்டுப்போன சுற்றுகளில் பூஜ்யமா, கடைசி இடத்துப் புள்ளியா? இரண்டுக்கும் வாதம் உண்டு. எதுவானாலும் முதல் சுற்றுக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போகிறவரைப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள். அழித்தால் அவரோடு ஆடியவர்களின் முடிவுகளும் சிக்கலாகும். அவரைச் செயலற்றவராகக் குறித்தால் போதும்.

முடிவை யார் பதிவது? ஆட்டக்காரர்களே கைபேசியிலிருந்து அனுப்பும் வசதியை இயக்கினால் நேரம் மிச்சம். ஆனால் ஒரு நிபந்தனை: ஆட்டம் முடிந்ததும், யாரும் ஸ்டார்ட்டைத் தொடும் முன், நாலு எண்ணும் தெரியும்படி திரையைப் படமெடுக்க வேண்டும். வெறும் இடவரிசை மட்டும் பதிவது வேகம்தான். என்றாலும் தகராறு வந்தால் கையில் எதுவும் இருக்காது. எண்களோடு பதிந்தால் 1,204,560,300க்கும் 120,456,030க்கும் உள்ள வித்தியாசம் படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எண் உருளைகள் சுழலும் பழைய மின்-இயந்திரங்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். உச்சம் தொட்ட உருளை திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்படி வந்ததா என்று சொல்லச் சாட்சியாக உடனாடுபவர் பார்த்திருக்க வேண்டும்.

பழுது, தீர்ப்பு

மென்பொருளால் ஒன்றுமே செய்ய முடியாத இடம் இது. அமெரிக்காவிலும் வெளியிலும் பெரும்பாலானவர்கள் பின்பற்றுவது ஐஎஃப்பிஏவும் பிஏபிஏ என்ற இன்னொரு பின்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட விதித் தொகுப்பு. அதைப் படித்துவிட்டு வாருங்கள். இங்கே அடிக்கடி வரும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பந்து எங்காவது சிக்கிக்கொண்டால், ஆட்டக்காரர் மற்ற பந்துகளை ஃபிளிப்பரில் பிடித்து வைத்துக்கொண்டு நடுவரைக் கூப்பிட வேண்டும். தானே குலுக்கிப் பார்த்து டில்ட் ஆனால் பாடு அவருடையது.

கோளாறால் ஒருவரின் பந்து அநியாயமாகப் போய்விட்டால் அது பெரும் பழுது. பந்து நட்ட நடுவே இறங்கிவிட்டது, ராம்ப்பிலிருந்து திரும்பி நேராக வடிகாலுக்கு வந்தது என்பதெல்லாம் பழுதல்ல, பின்பால். உண்மையான பழுதுக்கு வழி இது: நால்வரின் ஆட்டமும் முடிந்தபின் பாதிக்கப்பட்டவர் புதிய ஆட்டம் தொடங்கி, ஒரே ஒரு பந்து ஆடுவார், அந்தப் புள்ளி பழையதோடு சேரும். 42,310,000 வைத்திருந்தவர் ஈட்டுப் பந்தில் 18,750,000 எடுத்தால் நீங்கள் பதிய வேண்டியது 61,060,000. இந்தக் கூட்டலை மென்பொருள் செய்யாது. அதைவிட முக்கியம், புதிய ஆட்டம் தொடங்கியதும் திரையில் இருக்கும் நால்வரின் எண்களும் அழிந்துவிடும். எனவே முதலில் படம், பிறகு ஈட்டுப் பந்து. இந்த வரிசை தலைகீழாகப் போன இரவுகளில் நடத்துபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முறை மாறி ஆடுவது. பிளேயர் 2இன் பந்தை பிளேயர் 3 அடித்துவிட்டார். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. பேச்சு சுவாரஸ்யம், அவ்வளவுதான். விதி தயவு பார்ப்பதில்லை: அடித்தவருக்கு அந்த ஆட்டத்தில் பூஜ்யம். பிளேயர் 2, ஓடிக்கொண்டிருக்கும் பந்தை வாங்கி ஆடலாம்; வேண்டாம் என்றால் அதைப் பெரும் பழுதாகக் கருதி ஈட்டுப் பந்து கேட்கலாம். நண்பர்கள் போட்டிதானே என்று இதைத் தளர்த்த நினைப்பவர்கள் உண்டு. ஒருவருக்குத் தளர்த்தினால் அன்று இரவு எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சிறு போட்டிகளில் நடத்துபவரும் ஆடுவார். அதில் தப்பில்லை. ஆனால் தன் ஆட்டத்தைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொரு நடுவரைத் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி அறிவியுங்கள். உங்கள் குழுவின் முடிவை அவரே பதியட்டும்.

சமநிலையும் சமர்ப்பிப்பும்

ஆறு சுற்று முடிந்து நாலாம் இடத்தில் இருவர் 26 புள்ளியில் நின்றால், மென்பொருள் தன் இயல்பு அமைப்புப்படி ஒருவரை மேலே போட்டுக் காட்டும். அதை அப்படியே ஏற்று இறுதிச் சுற்றுக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே வெளியே என்ற கோட்டில் சமநிலை வந்தால், குலுக்கலில் வந்த ஓர் இயந்திரத்தில் ஓர் ஆட்டம் வைத்து முடிவு செய்யுங்கள். ஒன்றாம் இடமா இரண்டாம் இடமா என்று, இயந்திரம் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக மட்டும் வரும் சமநிலைக்கு நாணயம் சுண்டினால் போதும்.

தரவரிசைப் புள்ளி வேண்டுமானால் போட்டியை 30 நாளுக்கு முன்பே ஐஎஃப்பிஏ நாட்காட்டியில் பதிந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2018 முதல் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு டாலர் கட்டணம் உண்டு; நுழைவுக் கட்டணத்தை அறிவிக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அப்புறம் தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு வரும். முடிவு அனுப்பும்போது ஆடிய அத்தனை பேரும் பட்டியலில் இருக்க வேண்டும், இரண்டு சுற்றோடு கிளம்பியவர் உட்பட.

கடைசியாக, பெயர்களைச் சரிபாருங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஐஎஃப்பிஏவில் ஓர் எண் உண்டு. பதிவின்போது பெயரை மட்டும் தட்டித் தேடிச் சேர்த்தால், அதே பெயருடைய வேறு மாநிலத்து ஆளுக்கு உங்கள் வெற்றியாளரின் புள்ளி போய்ச் சேரும். வாசலில் காசு வாங்கும்போதே எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை ஆட வந்தவருக்கு எண் இருக்காது. அவரைப் புதியவர் என்றே குறித்து அனுப்புங்கள்.